வருங்காலத்துக்கு எழுபது கிலோமீட்டர்

பொர்வெனீர் என்றால் எங்கள் மொழியில் வருங்காலம்.
தீவின் மேற்குக் கரையில்
தகரக் கூரைகளும் ஒரு படகுத்துறையும் உள்ள சின்ன ஊர்.
அங்கே போய்ச் சேர
அன்று காலை எங்களுக்கு நூற்றிரண்டு கிலோமீட்டர் மிச்சம்.

ஆறு மணிக்கு எட்டெல்வினாவின் விடுதியிலிருந்து கிளம்பினோம்.
ஜனவரி. எங்களுக்குக் கோடை, பேருக்கு.
ஏழு மணிக்கெல்லாம் காற்று எழுந்துவிட்டது
மேற்கிலிருந்து,
நாங்கள் போகவேண்டிய இடத்திலிருந்தே.

நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற காற்று.
இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது.
மிதிப்பதை விட்டால் சைக்கிள் நிற்கவில்லை,
பின்னால் போகப் பார்த்தது.
மணிக்கு ஆறு கிலோமீட்டர். பிறகு ஐந்து.
மழை விழவில்லை, எதிரே நடந்து வந்தது,
நடுவில் கொஞ்ச நேரம் ஆலங்கட்டியாக.

யெர்கோ முன்னால் போனான்,
அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவதாகப் பேச்சு.
என் முறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
அவன் முறையில் பார்க்கவில்லை.
இதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

ஒன்பது மணி வாக்கில் திரும்பி ஏதோ கத்தினான்.
நில் என்றானா, நிற்காதே என்றானா,
வாயசைவு மட்டும் தெரிந்தது.
தலையாட்டினேன்.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
தலையாட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.
மறுபடி கத்தினான்.
மறுபடி ஆட்டினேன்.

வேலியோரம் குவானாக்கோக் கூட்டம் ஒன்று
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றது.
ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல முகம்.
பார்வையில் கேலி இல்லை.
கேலியாவது இருந்திருக்கலாம்.

மதியம் பன்னிரண்டரை. முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
எதிரே வந்த ஆட்டு லாரி நின்றது.
கதவில் எலியோதொரோ என்று எழுதியிருந்தது,
ஓட்டியவரும் அவரேதான்.
கண்ணாடியை நாலு விரல் இறக்கி,
"துறைமுகத்தை மூடிட்டாங்க.
இன்னிக்குப் படகு இல்ல, நாளைக்கும் சந்தேகம்" என்றார்.
ஏறிக்கொள்ளுங்கள் என்று பின்னால் கைகாட்டினார்.
அங்கே இடமில்லை என்பது
ஆடுகளுக்கும் தெரிந்திருந்தது.

வருங்காலம் மூடியிருந்தது.
ஒன்றும் பேசிக்கொள்ளாமல்
சைக்கிளைத் திருப்பினோம்.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

திருப்பியதும் சத்தம் நின்றுவிட்டது.
காற்று நிற்கவில்லை,
புல்லெல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.
ஆனால் அது போகிற பக்கமே நாங்களும் போனோம்.
மிதியில் காலைச் சும்மா வைத்திருந்தேன்.
மழைத்துளிகள் மேலே படாமல் கூடவே வந்தன,
ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் போல.
சங்கிலி ஓடுவது கேட்டது.
காலையிலிருந்து காணாமல் போயிருந்த
என் மூச்சு கேட்டது.

யெர்கோ பக்கத்தில் வந்தான்.
சமையலறையில் உப்பு கேட்கிற குரலில்,
"காலைல நான் சொன்னது கேட்டுச்சா?" என்றான்.
"கேட்டுச்சு."
"என்ன சொன்னேன்?"

ஒரு கிலோமீட்டர் போனது.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கேக்கல."
"வேகவச்ச முட்டைய மேசையிலயே விட்டுட்டோம்னு சொன்னேன்.
அப்பவே திரும்பியிருக்கலாம்.
நீதான் தலையாட்டிக்கிட்டே வந்த."

சிரித்ததில் கைப்பிடி ஆடியது.
சரளையில் விழப் பார்த்தேன்,
காற்றே பிடித்து நிமிர்த்தியது.

ஆறரை மணி நேரம் சேர்த்ததை
முக்கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தோம்.
மீட்டர் அறுபத்து நான்கு என்றது.
நின்றது நேற்றைய வாசலில்.

எட்டெல்வினா ஆச்சரியப்படவில்லை.
ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு,
"மேற்கே போறவங்க படுக்கை விரிப்ப
மத்தியானம் வரைக்கும் நான் எடுக்கறதில்ல" என்றாள்.

முட்டைகள் மேசையிலேயே இருந்தன.
ஆறு வைத்திருந்தோம், ஐந்து இருந்தது.
ஆறாவதைப் பற்றி
அவளும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.